அஞ்சு மணிக்குள்ள ஆறு எண்

— டேய், எந்த நம்பர்டா குடுத்த?

— வழக்கமா குடுக்கற நம்பர்தான்க்கா.

— வழக்கமான்னா?

— அம்மா நம்பர்.

— அடப்பாவி!

— ஏன் கத்தற? ஹால்ல அம்மா முழிச்சிட்டுதான் இருக்காங்க. காலேஜ் அட்மிஷன், கேஸ் சிலிண்டர், கரண்ட் பில்லு, என் அரியர் பரீட்சை, எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான். இந்த வீட்டுல ஃபாரம் நிரப்புறவன் நான். கை தானா போட்டுடுச்சு.

— ராணுவ நர்ஸ் வேலைக்கு அப்ளை பண்றது அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு வாரமா கதவ சாத்திக்கிட்டு நிரப்பறோம். கடைசியில நீ அவங்க போனுக்கே ஓ.டி.பி. அனுப்பி வச்சிருக்க!

— நான் அனுப்பல. ராணுவம் அனுப்பிச்சு.

— நம்பர மாத்த முடியாதா?

— தாராளமா மாத்தலாம். அதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும்.

— மணி என்ன ஆச்சு?

— நாலு இருபது. அஞ்சுக்கு சைட்ட மூடிடுவாங்க.

— அடுத்த மாசம் எனக்கு வயசு வரம்பு தாண்டிடும்டா. இத விட்டா இன்னொரு தடவ கெடையாது.

— பதறாதக்கா. மூச்ச நல்லா இழுத்து விடு.

— அது நான் பேஷண்ட்டுக்குச் சொல்றது.

— அதக் கேட்டு பேஷண்ட்டுங்க பதறாம இருக்காங்களா?

— இல்ல. சரி, நீ போய் அம்மாகிட்ட கேளு. சிலிண்டருக்குன்னு சொல்லு.

— நான் கேட்டா சொல்ல மாட்டாங்க. போன வருஷம் நானே எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். 'யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. மகன் கேட்டால் கண்டிப்பாகச் சொல்லக் கூடாது.'

— ரெண்டாவது வரி எதுக்குடா?

— என் குரல்ல எவனாவது பேசி ஏமாத்திட்டா? முன்ஜாக்கிரதைக்கா.

— உன்ன ஒரு நாள் ஐ.சி.யூ.ல பாக்கத்தான் போறேன். அம்மா! அம்மோவ்! உன் போனுக்கு ஏதாவது நம்பர் வந்துதா? சிலிண்டர் புக் பண்ணினேன்!

— வந்துதுடி, வந்துது. கையோட எடுத்துட்டே வந்துட்டேன். கட்டில்ல லேப்டாப்ப நடுவுல வச்சுக்கிட்டு, கதவ சாத்திக்கிட்டு, ரெண்டு பேரும் சிலிண்டரா புக் பண்றீங்க? இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். 'ராணுவச் செவிலியர் பணிக்கான தங்கள் விண்ணப்பத்தை இறுதியாகச் சமர்ப்பிக்க, கீழ்க்காணும் ஆறு இலக்க எண்ணை...' ஏண்டி, இது எந்த ஊரு சிலிண்டர்?

— அம்மா, அது வந்து...

— டேய், நீ சொல்லு.

— சிலிண்டர் கம்பெனிய ராணுவம் எடுத்துக்கிச்சும்மா.

— உன்ன அப்புறம் கவனிச்சுக்கறேன். அப்பாவுக்குத் தெரியுமாடி?

— அப்பாகிட்ட சொன்னா அவர் உன்கிட்ட சொல்லிடுவார். அதான் சொல்லல.

— அந்த வரைக்கும் அவரப் பத்தித் தெரிஞ்சு வச்சிருக்க. துப்பாக்கி குடுப்பாங்களா?

— ஊசிதாம்மா குடுப்பாங்க.

— ஊசி இங்க இல்லையா? வீட்டுலேருந்து பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப்பு ஆஸ்பத்திரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போற. அத விட்டுட்டு எங்கயோ கூடாரத்துல போய் ஊசி போடப் போறியா?

— அம்மா, அதெல்லாம் அப்புறம் பேசலாம். நம்பர மட்டும் சொல்லும்மா.

— மாட்டேன். ஃபிரிட்ஜ்ல என்ன போட்டிருக்கு?

— 'மகன் கேட்டால்'னுதாம்மா போட்டிருக்கு. மகளப் பத்தி அதுல ஒண்ணுமில்ல.

— முதல் வரியில 'யார் கேட்டாலும்'னு போட்டிருக்கே. எழுதினது நீதானடா? ஃபாரத்தக் காட்டு.

— எதுக்கும்மா?

— பாக்காம எதையும் நான் விட்டதில்ல. திருப்பு அந்த லேப்டாப்ப இந்தப் பக்கம்.

— அக்கா, அவ்வளவுதான். அம்மா முப்பது வருஷமா முனிசிபாலிட்டி ஆபீஸ் சான்றிதழ் கவுண்டர்ல உக்காந்து ஊர் ஃபாரத்தையெல்லாம் திருப்பி அனுப்பினவங்க. சொந்த மாமா, புள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தாரு. மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க. சான்றிதழ் கைக்கு வரும்போது புள்ள அத வாங்கிக்கத் தானே நடந்து வந்துச்சு.

— உங்க மாமா புள்ளயோட பேர் எழுத வேண்டிய எடத்துல 'இன்னும் யோசிக்கிறோம்'னு எழுதியிருந்தான். கூடப் பொறந்தவன்னா தப்பான ஃபாரத்த வாங்கிக்க முடியுமா? ம்... பேரு சரி. பொறந்த தேதி சரி. அடையாளக் குறி. 'இடது முழங்கையில் பழைய தழும்பு, மூன்று சென்டிமீட்டர். நன்கு ஆறியுள்ளது. சீழ் இல்லை.' சீழ் இருக்கான்னு யாருடி கேட்டா?

— கைப் பழக்கம்மா. தினம் அப்படித்தான் எழுதறேன்.

— எடு அத. அடுத்தது. பொழுதுபோக்கு: மலையேற்றம். மலைய எங்கடி பாத்த?

— அது நான் போட்டதும்மா. அக்காவோட ஆஸ்பத்திரியில நாலு மாடி. லிஃப்ட் ரெண்டு வருஷமா ரிப்பேர்.

— எடு. அடுத்தது. தெரிந்த மொழிகள். இதுல 'டாக்டர்களின் கையெழுத்து'ன்னு இருக்கு.

— அதுவும் நான்தாம்மா. அத படிக்கத் தெரிஞ்சவங்க நாட்டுலயே கம்மி. ராணுவத்துக்கு ரகசியத் தகவல் படிக்க உபயோகப்படும்.

— டேய், இதையெல்லாம் எப்படா சேத்த? நான் பாக்கும்போது இல்லையே!

— நீ நைட் டியூட்டி முடிச்சுத் தூங்கும்போதுக்கா. ஃபாரம் ரொம்ப வறண்டு போய் இருந்துச்சு.

— மணி நாலு முப்பத்தஞ்சு! அம்மா, சீக்கிரம் பாரும்மா.

— அவசரப்பட்டா எப்படி? கவுண்டர்ல இப்படித்தான் குதிப்பாங்க. குதிக்கற ஃபாரத்துலதான் தப்பு இருக்கும். அடுத்தது. 'ராணுவத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்? நூறு வார்த்தைகளுக்குள்.' இது ஏன் காலியா இருக்கு?

— இவன்தாம்மா எழுதினான். 'என் ரத்தத்தின் கடைசித் துளி இருக்கும் வரை'ன்னு ஆரம்பிச்சான். நான் அழிச்சிட்டேன்.

— நல்லாத்தான இருக்கு?

— ரத்தம் ஏத்தறவ நான். கடைசித் துளி வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்னா என்ன சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க.

— எப்படியோ, காலியா விட்டா செல்லாது. நானா இருந்தா இப்பவே திருப்பிக் குடுத்து, நாளைக்கு வாங்கம்பேன்.

— நாளைக்கு இல்லம்மா. இன்னைக்குத்தான்.

— அப்ப சொல்லு. ஏன் போகணும்?

— உன்கிட்டயா?

— நம்பர் யார்கிட்ட இருக்கு?

— சொல்லுக்கா, நான் டைப் பண்றேன்.

— அன்னைக்கு பஸ்ஸு கவுந்துதுல்ல, முப்பத்தோரு பேர ஒரே நேரத்துல கொண்டு வந்தாங்களே. எமர்ஜென்சியில கட்டில் பன்னெண்டு. டாக்டர் ரெண்டு பேர். நான் மார்க்கர் பேனாவ எடுத்து ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் நம்பர் போட்டேன். யார முதல்ல பாக்கணும், யார் கொஞ்சம் பொறுக்கலாம்னு. கத்தறவங்கள விட்டுட்டு, சத்தமில்லாம கெடந்தவங்ககிட்ட ஓடினேன். பஸ் டிரைவர் ஒருத்தர், கால் ஒடஞ்சு கெடக்கார், 'நான் எத்தனாவதும்மா?'ன்னு கேட்டார். 'இருபத்தி மூணு'ன்னேன். 'அவ்வளவு பின்னாடியா? அப்ப பொழச்சுக்குவேன்'னு சிரிக்கிறார்.

— இதெல்லாம் நீ வீட்டுல சொல்லவே இல்லையே.

— வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? நீகூட 'என்னடி இன்னைக்கு இவ்வளவு பசி'ன்ன. சந்தோஷமா இருந்தேம்மா. அத்தன பேர் அடிபட்டுக் கெடந்த அன்னைக்கு சந்தோஷமா இருக்கேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. எந்த வேலைக்கு நான் பொறந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

— அதே வேலைய இங்கயே செய்யறது?

— விட்டாங்களா? நல்லா வேலை செஞ்சேன்னு பாராட்டி வி.ஐ.பி. வார்டுல போட்டுட்டாங்க. அங்க ஒருத்தருக்குத் தும்மல். மூணு வாரமா அட்மிட் ஆயிருக்கார். நேத்து பதினேழு தடவ பெல் அடிச்சார். தலகாணி உசரம் பத்தலையாம். உசத்தினா ஜாஸ்தியாம்.

— தும்மல் நின்னுடுச்சா?

— எப்பவோ நின்னுடுச்சு. அவர் வீட்டம்மாதான் இன்னும் ரெண்டு வாரம் வச்சுக்கோங்கன்னு கேட்டுக்கிட்டாங்க.

— அந்தத் தும்மல்காரரால உனக்கு ஆபத்து இல்லல்ல? அங்க போனா எல்லையில போடுவாங்கடி.

— போடலாம்.

— 'போடலாம்'னு என்ன அசால்ட்டா சொல்ற!

— உன்கிட்ட பொய் சொல்ல வரலம்மா.

— அரை மணி நேரம் முன்னாடி சிலிண்டர்ன்ன.

— அது இவன் சொல்லிக் குடுத்தது.

— அக்கா, என்ன இதுல இழுக்காத, நான் டைப்பிஸ்ட்டு. தொண்ணூத்தாறு வார்த்தை வந்திருக்கு. 'சந்தோஷமாக இருந்தேன்'னு போடலாமா, இல்ல 'கடமையில் மனநிறைவு கொண்டேன்'னு போடலாமா?

— சந்தோஷம்னே போடுடா. அவ அதத்தான சொன்னா.

— சரிம்மா. போட்டாச்சு.

— அம்மா, இப்பவாவது நம்பரச் சொல்லு. நாலு நாப்பத்தாறு.

— சொல்றேன். எழுதிக்கோ. மூணு, எட்டு, எட்டு, ஒண்ணு, ஆறு, ரெண்டு.

— செல்லாதுன்னு வருதும்மா. பத்து நிமிஷம்தான் அதுக்கு ஆயுசு. நீ மலையேற்றம் எடுக்கறதுக்குள்ளயே அது செத்துப் போச்சு.

— அய்யோ! இன்னொண்ணு வருமா?

— கேட்டிருக்கேன். வரும்.

— வரலன்னா?

— அக்கா, மூச்ச இழுத்து...

— மூச்சு கீச்சுன்ன, கொன்னுடுவேன். அம்மா, வந்துச்சா? போனக் கையில வச்சுக்கிட்டு ஏன் ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கற?

— ஏண்டி, லீவு எத்தன நாள் குடுப்பாங்க?

— வருஷத்துக்கு ரெண்டு மாசம்மா.

— போன்ல பேச விடுவாங்களா?

— தினம் பேசறேன்.

— தினமெல்லாம் வேண்டாம். உங்கப்பா போன வாங்கிட்டா குடுக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழம பேசு. ம், அடிச்சுது பாரு போனு. வந்துடுச்சு.

— என்னம்மா நம்பர்? நாலு நாப்பத்தொம்பது!

— ஏழு.

— ஏழு.

— பூஜ்ஜியம். நாலு.

— பூஜ்ஜியம், நாலு.

— நாலு. ஒம்போது.

— நாலு, ஒம்போது. அஞ்சு எண் ஆச்சும்மா. ஆறாவது?

— இரு.

— அம்மா!

— இருன்னேன்ல.

— என்னம்மா இது! இவ்வளவு சொல்லிட்டுக் கடைசி ஒண்ணுல நிறுத்தற. உனக்கு இஷ்டமில்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அத்தனையும் பேச வச்சு, அத்தனையும் எழுத வச்சு...

— அழாதக்கா. அம்மா, பாவம்மா அவ. வேணும்னா ஃபிரிட்ஜ்ல இருக்கறத நான் கிழிச்சுப் போட்டுடறேன்.

— நீ வாய மூடு. ஏண்டி, கண்ணத் தொடச்சுக்கிட்டு இங்க பாரு. சும்மா அந்த ஒரு எண்ணையும் சொல்லிட்டு நான் போய்ப் படுத்திருந்தா போதும், நீ எங்கயும் போயிருக்க மாட்ட, பழியும் என் மேல வந்திருக்காது. சர்ட்டிபிகேட்ல எல்லாம் முழுப் பேரா கையெழுத்து போட்டிருக்க, இந்த ஃபாரத்துல ஏத்தின கையெழுத்துப் படத்துல மட்டும் வார்டு சார்ட்டுல கிறுக்கற மாதிரி ஒரு சுழி சுழிச்சு வச்சிருக்க. ரெண்டும் ஒத்துப் போகலன்னு பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு, அவங்களே ஃபாரத்தத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு இவ்வளவு நேரம் சந்தோஷமா உக்காந்திருந்தேன். இவன் புதுசா படம் புடிச்சு ஏத்தட்டும், எடுடி ஒரு வெள்ளப் பேப்பர, முழுப் பேரா போடு.