கோரிக்கையில் இல்லாத பாலம்

ஏசிய இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா சார்? நெத்தியத் தொடச்சுக்கிட்டே இருக்கீங்களே, அதான் கேட்டேன். பழைய வண்டி. முன்னாடி உக்காந்தாத்தான் காத்து வரும். அதுக்குத்தான் முன்னாடியே ஏறுங்கன்னு சொன்னேன். எம்.பி.ன்னா பின்னாடிதான் உக்காரணும்னு யாரோ உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பரவால்ல. எங்க வண்டியில மரியாதைக்கும் வேர்க்கும்.

ரயில்வே கேட்டா? தொறந்துருவான் சார். கூட்ஸ் ஒண்ணு வருது. அது போனதும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து இன்னொண்ணு வரும். ரெண்டும் போனப்புறம் தொறப்பான். நடுவுல ஒரு தடவ தொறந்து விடக்கூடாதான்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. எங்க பொண்ணும் இதையேதான் கேட்டா, மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ. இப்போ அவ பையன் கேக்குறான்.

ஹார்னா? அது ரயிலுக்குக் கேக்கணும்னு அடிக்கிறதில்ல சார். அடிக்கிறவன் மனசு ஆறணும்ல. நீங்களும் வேணும்னா வந்து ஒரு தடவ அடிச்சுக்கோங்க.

அது சரி, நான் யாருன்னே நீங்க கேக்கல. ஸ்டேஷன்ல மாலையப் போட்டாங்க, வண்டியக் காட்டுனாங்க, ஏறிட்டீங்க. டிரைவர்னு நினைச்சிருப்பீங்க. தப்பில்ல, ஓட்டிக்கிட்டுத்தானே வந்தேன். சங்கத்துல நான் துணைச் செயலாளர் சார். பதவியெல்லாம் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது, ஐஸ் ஃபேக்டரி அம்மான்னா தெரியும். வியாபாரிகள், உற்பத்தியாளர்கள் எல்லாரும் சேர்ந்த சங்கம் எங்களுது. பாத்திரக்கடையிலேர்ந்து பஞ்சு மில் வரைக்கும் உண்டு. வருஷா வருஷம் பார்லிமெண்ட் கூடுறதுக்கு முன்னாடி எம்.பி.யக் கூப்பிட்டு, தொழில் பண்றவங்களுக்கு என்னென்ன வேணும்னு மனு குடுப்போம். உங்களுக்கு முன்னாடி இருந்தவரு அஞ்சு வருஷமும் வாங்கிக்கிட்டாரு. வாங்குறதுல அவரு ஒரு குறையும் வைக்கல.

உங்க மடியில இருக்கே, அதான் இந்த வருஷ மனு. படிச்சீங்களா? மேலாப்புல பாத்தேன்னு சொல்லாதீங்க சார், கண்ணாடியில நான் பாத்துக்கிட்டுத்தானே வர்றேன். ரப்பர் பேண்டே இன்னும் கழட்டல. வேணாம், இப்போ கழட்டாதீங்க. நானே சொல்றேன். எழுதினதுல பாதி என் கைதான்.

மொதல்ல, வரி கட்டுறத எளிமையாக்கணும். அப்புறம் சிறு தொழிலுக்குக் கடன் சுலபமாக் கிடைக்கணும். மூணாவது ரொம்ப முக்கியம், எங்களுக்கு ஒரு விமான நிலையம் வேணும். சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு லிஃப்ட்ல ஏறினாலே தல சுத்தும். அடுத்தது, உலகச் சந்தையில எங்க பொருளுக்கு உரிய இடம். அப்புறம் நூலுக்கு நியாயமான கொள்கை. அது என்ன நியாயமான கொள்கைன்னு கேளுங்க. மில்காரங்க நூல வெளிநாட்டுக்கு அனுப்ப விடணும்கிறாங்க. தறிக்காரங்க அனுப்பவே கூடாதுங்கிறாங்க. ரெண்டு பேரும் உக்காந்து சாயங்காலம் வரைக்கும் பேசி, கடைசியில நியாயமானன்னு ஒரு வார்த்தையக் கண்டுபிடிச்சாங்க. அதுல ரெண்டு பேருக்கும் அவங்கவங்க மூஞ்சி தெரியுது.

உங்களுக்கு வேடிக்கையா இருக்கு. எங்களுக்கு வேற வழியில்ல. முன்னாடி ஒரு தடவ பெரிய சண்ட வந்து சங்கம் ரெண்டாப் பொளந்துருச்சு. ஒரே தெருவுல எதிரும் புதிருமா ரெண்டு ஆபீஸ். ரெண்டு தலைவரு, ரெண்டு ஆண்டு விழா, ரெண்டு விருந்து. ரெண்டுலயும் போய்ச் சாப்பிட்டவங்க உண்டு, பேரு சொல்ல மாட்டேன், உங்களுக்கு மாலை போட்டவருதான். அப்புறம் எப்படியோ ஒண்ணாச் சேந்தோம். சேரும்போது ஒரு விதி வச்சாங்க. மனுவுல எதச் சேக்கணும்னாலும் எல்லாரும் ஒத்துக்கணும். ஒருத்தர் கை தூக்கினாலும் அந்தக் கோரிக்கை அவுட். ஏன் தூக்கினன்னு யாரும் கேக்கக் கூடாது. வெளிய வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கவும் கூடாது.

அதுலேர்ந்து சங்கம் ஒடையல சார். ஆனா மனுவுல என்ன மிஞ்சும்? யாருக்கும் எடஞ்சல் இல்லாததுதான் மிஞ்சும். விமான நிலையம் யார் கடைய இடிக்கப் போவுது? வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால ஒரு கையும் எழும்பல.

பாலமா? அட, கேட்டுட்டீங்களே. இந்தக் கேட்டுக்கு மேல ஒரு பாலம் போட்டா என்னன்னு உங்களுக்கே தோணுதுல்ல? இங்க வந்து நிக்குறவங்க எல்லாருக்கும் தோணும். நான் மூணு வருஷமா மனுவுல சேக்கப் பாக்குறேன். மூணு வருஷமும் ஒரே ஒரு கை எழும்புது.

யாரோட கைன்னு சொல்லக்கூடாது. ஆனா எடது பக்கம் செவப்புக் கூரை போட்ட பெட்ரோல் பங்க் தெரியுதுல்ல, அதப் பாருங்க. சும்மா பாருங்கன்னுதான் சொன்னேன். கேட் போட்டா, சும்மாதானே நிக்குறோம்னு எல்லா வண்டியும் உள்ள திரும்பி டேங்க ரொப்பிக்கும். காத்துப் பிடிக்கும், தண்ணி பாட்டில் வாங்கும். பாலம் வந்தா அம்புட்டும் அவரு தலைக்கு மேல போயிரும்.

கேவலமா ஒண்ணும் நினைக்காதீங்க, நல்ல மனுஷன். எனக்குத் தெரியுமாவா? எங்க கொழுந்தனாரு சார் அவரு. வீட்டுக்காரரோட கூடப் பொறந்த தம்பி. கீழ நாங்க, மாடியில அவங்க. இந்த வருஷம் கை தூக்கின அன்னிக்கு நானும் அவரும் இதே வண்டியிலதான் வீட்டுக்குப் போனோம். கேக்கக் கூடாதுன்னு விதி, நான் கேக்கல. வாசல்ல எறங்கும்போது மெதுவா, வண்டி எடது பக்கம் இழுக்குது அண்ணி, வீல் பாக்கணும்னாரு. இழுக்கத்தான் செய்யும், உங்க பங்க் எடது பக்கந்தானே இருக்குன்னேன். சிரிச்சுட்டுப் படியேறிப் போயிட்டாரு. மறுநாள் அவரே எடுத்துட்டுப் போய் வீலச் சரி பண்ணிட்டு வந்து நிறுத்துனாரு.

எனக்கென்ன அவ்ளோ அவசரம்னு கேக்குறீங்க. நமக்கு முன்னாடி நாலாவதா ஒரு நீல லாரி நிக்குதுல்ல? அதுக்கு அடியில பாருங்க. இல்ல சார், ரேடியேட்டர் ஒழுகல. அது எங்க ஐஸ். மரத்தூளப் போட்டு, மேல தார்ப்பாயக் கட்டித்தான் அனுப்புறோம். என்ன கட்டினாலும் வெயிலுக்கு அதெல்லாம் தெரியுமா? ரோட்டோரம் புல்லு எவ்ளோ பச்சையா இருக்கு பாருங்க. இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு புல்லு கிடையாது. நான்தான் வளக்குறேன். ஆடு மேய்க்கிறவங்க எல்லாம் எனக்கு வணக்கம் வைப்பாங்க.

அந்த ஐஸ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற மீன் கம்பெனிக்குப் போவுது. எங்க ஐஸ்ல முக்கால்வாசி அங்கதான். போன மாசம் அந்த மேனேஜர் கூப்பிட்டாரு. தங்கமான ஆளு, திட்டக்கூட மாட்டாரு. அம்மா, நீங்க கட்டியா அனுப்புறீங்க, எனக்கு அரைக்கட்டியா வந்து சேருது, மீன் காத்திருக்க மாட்டேங்குதுன்னாரு. சொந்தமா ஐஸ் மெஷின் போடப் போறாங்களாம். விலையெல்லாம் விசாரிச்சாச்சு. இந்த சீசன் முடியுறதுக்குள்ள பாலத்துக்கு ஏதாவது வழி பொறக்கும்னா பொறுத்துக்குறேன், இல்லன்னா என்னக் குத்தம் சொல்லாதீங்கன்னாரு. அவர் மேல என்ன குத்தம்? அவங்க மெஷின் போட்டாங்கன்னா எங்க ஃபேக்டரிய மூடிற வேண்டியதுதான். சுத்தி வளைச்சுச் சொல்ல ஒண்ணுமில்ல.

வேற ரோடு இருக்கு. சுரங்கப் பாதை. லாரி போகாது. மழை பேஞ்சா படகுதான் போகும்.

மொதல் கூட்ஸ் வந்துருச்சு. கொஞ்சம் கத்தித்தான் பேசணும். ஆமா, நீளந்தான். பெட்டிய எண்ணிப் பாக்குறீங்களா? எண்ணாதீங்க, பாதியில வுட்டுருவீங்க. எல்லாரும் வுட்டுருவாங்க.

உங்க போன் அடிக்குது சார். பி.ஏ. வா? எடுங்க, நான் சும்மா இருக்கேன்.

என்னவாம்? கூட்டம் நடக்குற ஹாலுக்குப் போய்ச் சேந்துட்டாரா? ஜூஸ் குடுத்தாங்களாமா? குடுப்பாங்க. உபசரிப்புல எங்க ஆளுங்கள அடிச்சுக்க முடியாது. என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? எங்க சங்கத் தலைவர் வண்டியிலதானே ஏறினாரு, அதுலதான் போயிருப்பாரு. ஓ, அதில்லையா. கேட் மூடியிருக்கும்போது அவரு மட்டும் எப்படித் தாண்டினாருன்னு கேக்குறீங்க.

அவரு தாண்டல சார். ஹால் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்லதான் இருக்கு. வெளிய வந்து நின்னதும் ஒரு மஞ்சக் கட்டடத்தப் பாத்து, பெயிண்ட் நல்லா அடிச்சிருக்காங்களேன்னு சொன்னீங்களே, அதான் ஹால். நடந்தே போயிருக்கலாம்.

கோச்சுக்காதீங்க சார். ஐயோ, கடத்தல்னெல்லாம் சொல்லாதீங்க. கடத்தல்னா வண்டி நகரணும்.

இல்ல, கேலிக்குச் சொன்னேன். உங்க நேரத்த எடுத்துக்கிட்டேன், அது தப்புதான். நான் உங்ககிட்ட பாலத்தப் பத்தி ஒரு வரி எழுதிக் குடுத்தா சங்கத்து விதிய ஒடச்சதாகும். மறுபடியும் ரெண்டு ஆபீஸு, ரெண்டு விருந்து. அத நான் பண்ண மாட்டேன். அதான் எழுதாமக் கூட்டிட்டு வந்தேன். நான் எதாச்சும் வேணும்னு கேட்டேனா சொல்லுங்க? பாலம்கிற வார்த்தைய மொதல்ல சொன்னதே நீங்கதான்.

அங்கயா? எல்லாரும் ஃபேனுக்கு அடியில சுகமா உக்காந்திருப்பாங்க. கேட்ல மாட்டிக்கிட்டோம்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்க அத நம்பாதவங்க யாரு?

ரெண்டாவதும் போயிருச்சு. தொறந்துட்டான் பாருங்க. திருப்பணுமா? திருப்ப எடம் ஏது சார், பின்னாடி நிக்குற வரிசையப் பாருங்க. அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பி வரணும். மீன் கம்பெனி வாசல் அகலமா இருக்கும், அங்க திருப்பிக்கலாம். மேனேஜர் வெளியதான் நிப்பாரு, லோடு வருதான்னு பாத்துக்கிட்டு. நீங்க ஒண்ணும் பேச வேணாம். கண்ணாடிய எறக்கி ஒரு வணக்கம் சொன்னாக்கூடப் போதும். சொல்லாட்டியும் சரி.

திரும்பி வரும்போதா? அப்பவும் போட்டிருப்பான் சார். சாயங்காலப் பாசஞ்சர். எனக்கு எப்படி இவ்ளோ சரியாத் தெரியும்னா, எனக்குத் தெரியாது. ஐஸ் எத்தன மணிக்குக் கரையும்னுதான் எனக்குத் தெரியும். கேட்காரரோட டீ குடிச்சு எந்த வண்டி எப்போ வரும்னு விசாரிச்சு வச்சது எங்க கொழுந்தனாரு.

ஆமா சார். அவரேதான். உங்கள அழைக்க வர்ற வண்டிய நான்தான் ஓட்டணும்னு கூட்டத்துல சொன்னதும் அவருதான். நேத்து டேங்க ரொப்பி விட்டு, கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. பங்க்ல எட்டுப் பேரு வேல பாக்குறாங்க அண்ணி, அவங்க மூஞ்சியில முழிக்கணும்ல, அடுத்த வருஷமும் நான் கை தூக்கத்தான் செய்வேன். ஆனா எம்.பி. எந்த வழியா வரணும்கிறது கோரிக்கையில வராதே. அதுக்கு எப்படி நான் கை தூக்குறதுன்னாரு.