காது மெஷின் வழக்கு

இல்லீங்க வக்கீலம்மா, நான் ரெண்டு கம்பெனிக்கும் ஆளில்ல. சாட்சியுமில்ல. லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். வாய்தா அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துக்குவேன். வாசல்ல நிக்கிற டவாலிகூட என்னைப் பெரிய முதலாளின்னு நெனச்சு வணக்கம் வைப்பாரு, போங்க.

எம்பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. ஆபரேஷன் பண்ணி தலைக்குள்ள சின்னக் கருவி ஒண்ணு வச்சாங்க. அதோட சேர்ந்து வேலை செய்ய, காதுக்குப் பின்னால மாட்டுற மெஷின் ஒண்ணு. மாட்டுன அன்னிக்குக் கதவு சாத்துன சத்தத்துக்கே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சா. அப்புறம் பேச ஆரம்பிச்சா பாருங்க, வாயே மூடல.

பள்ளிக்கூடம் சேர்க்குற சமயம் மெஷின் படுத்துருச்சு. கடைக்குப் போனா, விக்கவும் கூடாது, ரிப்பேரும் பண்ணக்கூடாது, கோர்ட்டுத் தடைன்னுட்டாங்க. டிசைன இவன் திருடுனான், அவன் திருடுனான்னு ரெண்டு கம்பெனிக்குள்ள சண்டை. வேற கம்பெனி மெஷினா? உள்ள இருக்கறதோட ஒத்துப்போகாதும்மா. மறுபடி தலையத் தொறக்கணும். டாக்டர்தான், பொறுங்க, கேஸ் சீக்கிரம் முடிஞ்சிரும்னாரு.

பொறுத்தோம். ஜட்ஜ் மாறுனாரு. வந்தவரு முதல்லேர்ந்து படிக்கணும்னாரு. ஒரு வாட்டி உங்க சீனியருக்கு முதுகு வலி. ஒரு வாட்டி அந்தப் பக்கத்து நிபுணர் ஃபிளைட்ட விட்டுட்டாரு. தாங்க மாட்டாம ஒரு நாள் எழுந்து நின்னு, ஐயா, எம்பொண்ணுன்னு ஆரம்பிச்சேன். ஜட்ஜ் நல்ல மனுஷன். நீங்க எந்தத் தரப்புன்னு கேட்டாரு. ரெண்டு தரப்புமில்லீங்கன்னேன். உக்காந்துட்டேன்.

என்னது, சமாதானமா? ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேர்ந்துட்டாங்களா? அப்ப நாளைலேர்ந்து மெஷின் கெடைக்கும்?

நல்லதும்மா. ரொம்ப நல்லது. இல்லல்ல, சந்தோஷந்தான்... தண்ணியெல்லாம் வேணாம், நீங்க உக்காருங்க.

போன வாரம் யாரோ வீட்டுல சும்மா கெடந்த பழைய மெஷின் ஒண்ணு, அதே மாதிரி, கெடச்சுச்சு. டாக்டர் சரிபண்ணி மாட்டிவிட்டாரு. இப்பப் பத்தாவது படிக்கிறா, சைகையிலயே என்னோட சண்டையெல்லாம் போடுவா. சின்னதுல அவ அப்பா அப்பான்னு கூப்பிட்டத போன்ல புடிச்சு வச்சிருந்தேன். அதப் போட்டுக் காட்டுனேன்.

மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, இது என்ன இரைச்சல்னு கையாலயே கேட்டா. கழட்டி என் கைல குடுத்துட்டுப் போயிட்டா.