சீழ் வராத காயம்

பெயர் குய்தோத்தோ. வயது நாற்பத்தாறு. தொழில் காய வைத்தியம். போலோஞா நகரில் சான் பெலிச்சே வாசலுக்கு அருகே, கயிறு திரிப்பவர்கள் தெருவில் குடியிருக்கிறேன். நகரத்தின் காயப் பரிசோதகரைத் தடுத்ததாக என்மேல் உள்ள புகாரை இந்த நீதிமன்றத்தில் படித்துக் காட்டினார்கள். தடுத்தது உண்மை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

திராட்சை அறுவடையின் மூன்றாம் நாள் நண்பகல், சேணம் தைக்கும் அமதோரேயைக் கதவுப் பலகையில் கிடத்தி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் வளர்த்த பன்றி மச்சானின் திராட்சைக் கொடிகளைக் கிளறிவிட்டதில் தகராறாகி, அவர் மனைவி இமெல்தாவின் தம்பி பென்சிவென்னே மண்வெட்டியால் தலையில் வெட்டிவிட்டான். நான்கு விரல் நீளக் காயம், எலும்பு தெரிந்தது. மெழுகு நூலைப் பல்லில் கடிக்கச் சொல்லி மறுமுனையைச் சுண்டிப் பார்த்தேன். எலும்பு விரிசல் விட்டிருந்தால் அந்த அதிர்வைத் தாங்கமாட்டார். அவரோ என்னை முறைத்தார். அதனால் மயிரை மழித்து, வெதுவெதுப்பான ஒயினால் கழுவி, பட்டு நூலால் தைத்து, ஒயினில் நனைத்துப் பிழிந்த சணலை வைத்துக் கட்டினேன். அதன் பின்னர் சட்டப்படி நகரத்துக்குத் தகவல் கொடுத்தேன். பென்சிவென்னேயைச் சிறையில் அடைத்தார்கள்.

காயம் பட்ட ஐந்தாம் நாள் பரிசோதகர் உபால்தினோ வந்தார். நல்ல சீழ் வடிந்தால்தான் காயம் ஆறும் என்று படித்தவர். கட்டை அவிழ்த்ததும் முகம் வாடிவிட்டது.

"சீழ் எங்கய்யா? விஷத்தை உள்ளயே வெச்சுத் தைச்சுட்டீரே."

அதன் பின்னர், உயிருக்கு ஆபத்தான காயம், ஞாயிறுக்குள் மரணம் என்று எழுதினார். அந்தத் தாள் இருக்கையில் அமதோரே இறந்தால் பென்சிவென்னேயின் தலை போகும். தையலைப் பிரித்து, பன்றிக்கொழுப்பில் தோய்த்த சணலைத் திணித்துச் சீழ் பிடிக்க வைக்கும்படி கட்டளையிட்டார். நான் மறுத்தேன். அவரே கத்தரியை எடுத்தார். நான் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். கணவன் கட்டிலிலும் தம்பி சிறையிலுமாகக் கிடக்க, பக்கத்தில் நின்ற இமெல்தா அப்போது பேசினார்.

"ஐயா, காயம் சுத்தமா இருக்குன்னு கவலைப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். கத்தரியைக் கீழ வைங்க. நாறுறப்போ சொல்லி அனுப்புறேன்."

அவர் கோபமாகப் போய்ப் புகார் கொடுத்தார். ஏழாம் நாள் அமதோரேக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அன்று பயந்தேன், மறைக்கவில்லை. மறுநாள் தணிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தேன். சீழ் ஒரு துளிகூட இல்லை. இதே முறையில் பதினெட்டுத் தலைகளைத் தைத்திருக்கிறேன். அவற்றில் பதினாறு இன்றும் தொப்பி போடுகின்றன.

பரிசோதகர் குறித்த ஞாயிறு கழிந்து இன்று ஒன்பது நாள். காலையில் அமதோரேயும் நானும் நடந்தே இங்கு வந்தோம். சிறை வாசலில் காவலர், கைதிக்கு என்ன உறவு என்று அமதோரேயைக் கேட்டார்.

"அவன் வெட்டினது என்னைத்தான். என் மச்சான். ரொட்டி கொண்டாந்திருக்கேன்."

பரிசோதகரின் தாளின்படி ஞாயிறுக்குள் இறந்திருக்க வேண்டியவரை உயிரோடு உள்ளே விடலாமா என்று காவலர் மேலிடத்தில் கேட்கப் போயிருக்கிறார்.

நான் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தவையே. எதையும் திருத்தக் கேட்கவில்லை.

ஒப்பம்: குய்தோத்தோ, காய வைத்தியர்.

சாட்சி ஒப்பம்: அமதோரே, சேணம் தைப்பவர், வெட்டுப்பட்டவர்.