நாலாம் அத்தியாயத்தில் பிழையில்லை

உங்கள் பொலிஸ் நிலையத்துப் பிளேன்டீ நன்றாக இருக்கிறது; இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். பெரிய கதை ஒன்றுமில்லை.

வாக்குமூலத்தில் சிவகுரு என்று என் வெறும் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், 'விண்ணியல் வேந்தர்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்குக்கரை அறிவியல் மன்றம் போன சனிக்கிழமை மேடையில் வைத்துத் தந்த பட்டம் அது. மன்றத்தின் தலைவர் நானே என்பதால் கிடைத்ததென்று நம்முடைய முந்தல் ஊரில் சிலர் கதைப்பார்கள். வாழ்த்துப்பாவை நானே எழுதியது உண்மைதான். அந்தத் தரத்தில் எழுத இந்தப் பக்கம் வேறு ஆள் இல்லை.

பட்டம் என் நூலுக்காக. நமது பால்வீதி உருவான வரலாறு, எட்டு அத்தியாயம். நாலாம் அத்தியாயம்தான் அதன் உயிர். ஆதியில் ஒரேயொரு வாயு மேகம். அது தன் பாரத்தில் தானே மெல்லச் சுருங்கிச் சுழன்று, தோசை மா கல்லில் பரவுவதுபோலத் தட்டையாகி, நட்சத்திரங்களைப் பெற்றது. மோதல் இல்லை, இடிபாடு இல்லை. தொண்ணூற்றைந்தில் ஷெல்லுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவன் நான். யுத்தம் முடிந்த சனத்துக்கு, அண்ணாந்து பார்க்கவாவது சண்டை நடக்காத ஓரிடம் வேண்டும் என்று முன்னுரையில் எழுதினேன். தட்டச்சுச் செய்த பிள்ளை அழுததாம்.

நூல் வெளியீடு என்றால் ஒருவர் நயவுரை சொல்லவேண்டும். மேடையேறி நூலைப் புகழவேண்டும். பஸ்தியானைக் கேட்டேன். கணித ஆசிரியன், இருபத்தெட்டு வருஷச் சிநேகிதம். நான் பெட்டியோடு வந்திறங்கிய அன்று பாணும் சம்பலும் கொண்டுவந்து தந்தவன். அவன் விட்ட பிழை, நூலை வாசித்தது. நயவுரை சொல்பவர்கள் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை.

விழாவுக்கு ஆறு நாள் இருக்க, ஞாயிறு பின்னேரம் என் இறால் பண்ணைக்கு வந்தான். வேலையாட்களுக்கு அன்று லீவு. குளக்கட்டில் நின்றபடி, மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னான்.

"மச்சான், நாலாம் அத்தியாயம் பிழை. அது அறுபதாம் ஆண்டுக் கதையடாப்பா. நம்மட பால்வீதி தன்ட பாட்டுல சுருண்டு வந்ததில்ல. பக்கத்தில நிண்ட சின்னதுகள அடிச்சுக் கிழிச்சு விழுங்கித்தான் இவ்வளவு கொழுத்திரிக்கு."

பிறகு விளக்கினான். கிட்டத்தட்ட ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன் இன்னொரு பால்வெளி நேரே வந்து மோதியதாம். நம்முடையது அதைச் சிதைத்துத் தின்றதாம். தின்ற வேகத்தில் தன் தட்டும் வீங்கிப்போனதாம். இன்றைக்கும் சிறியதொன்றைக் குடலை உருவுவதுபோல உருவிக்கொண்டிருக்கிறதாம். பார்த்த சாட்சி யார் என்று கேட்டேன்.

"விழுங்கினதுட நட்சத்திரம் இண்டைக்கும் உள்ளுக்க குறுக்கால ஓடுது. சிலது எதிர்ப்பக்கமாவே சுத்துது. மேல சுத்துற செய்மதி அளந்து பிடிச்சிட்டு. பெரிய வகுறுதான், ஆனா செமிக்கல்ல."

திருத்தத் துண்டு ஒன்று அச்சடித்து ஒட்டச் சொன்னான். என் படமும் பால்வீதிப் படமும் போட்ட பெனர் கட்டியாகிவிட்டது என்றேன். பால்வீதியின் அமைதிப் பண்பைப் பற்றிப் பிரதம விருந்தினருக்கு உரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். சிரித்தான்.

"பெனர்ல உன்ட தலைக்குப் பின்னால ஒளிவட்டம் போல சுத்துதே, அது கொலைகாரன் மச்சான். நான் மேடையில உள்ளத உள்ளபடி சொல்லுவன். இல்லாட்டி பிள்ளையள் பிழையாப் படிக்கும்."

சொல்லவேண்டாம் என்று மூன்று தரம் கேட்டேன். பண்பாகத்தான் கேட்டேன். அவன் இறால் பார்க்கத் திரும்பிக் குனிந்தான். மோட்டார்க் கொட்டிலில், குழி தோண்டும் இரும்பு அலவாங்கு சாத்தியிருந்தது.

முதல் அடி தொப்பியில் பட்டது. இரண்டாவதில் முழங்காலுக்கு வந்தான். வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுபோல 'சிவகுரு' என்று தெளிவாகக் கூப்பிட்டான். மூன்றாவதில் மண்டை தேங்காய்போல விட்டுக்கொடுத்தது. மற்ற இரண்டும் தேவையில்லாதவை, ஒத்துக்கொள்கிறேன். காலால் தள்ளிக் குளத்தில் இறக்கிவிட்டு, தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரத்தின் மின்னாளியைப் போட்டேன். மூச்சு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ஒரு கை சக்கரத்தைப் பிடிக்கப் பார்த்தது. சக்கரம் அதைத் திருப்பித் தரவில்லை. சிவப்பு, நீர் சுழன்ற பக்கமே நீண்டு வளைந்து போனது. நாலாம் அத்தியாயத்தில் நான் போட்ட படத்தைவிட அது துலக்கமாக இருந்தது. நேற்று குளத்தை வடித்தபோது நீங்கள் கண்ட இரண்டு சீமெந்துக் கல்லும் பிறகு கட்டியவை.

மறுநாள் அவன் மனைவி யூஜீனியாவை இங்கே கூட்டிவந்தவன் நான்தான். காணாமற்போன முறைப்பாட்டை எழுதிக் கொடுத்ததும் நான். உங்கள் கோப்பில் உள்ள நல்ல தமிழ் அது ஒன்றுதான்.

விழா குறைவில்லாமல் நடந்தது. அவன் குளக்கட்டில் வைத்திருந்த பையில் நயவுரை ஒன்பது பக்கம் இருந்தது. முதல் இரண்டும் உண்மையான புகழ்ச்சி. 'வரமுடியாமற்போன நண்பரின் சொற்கள்' என்று அவற்றை நானே வாசித்தேன். குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. மற்ற ஏழையும் அடுப்பில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

மதியத்துக்கு அந்தக் குளத்து இறால். மற்றக் குளங்களில் இன்னும் பருவம் வரவில்லை. அந்த வாரம் இவை மட்டும் நன்றாகத் தேறியிருந்தன. பிரதம விருந்தினர் இரண்டு தரம் வாங்கினார். யூஜீனியா பசியில்லை என்று மேசைக்கு வரவில்லை. பொதி கட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நாலாம் அத்தியாயத்தை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. பெரிதாய் வளர்ந்த ஒன்று பக்கத்திலிருந்ததைத் தின்றுதான் வளர்ந்திருக்கவேண்டும் என்பது பொறாமைக்காரர் கட்டிய கதை. ஒருவருக்கும் நோகாமல், தன்பாட்டில் வளரலாம். என்னையே பாருங்கள்.