ஆலாத்திக்கு ஒரு மருமகள்

1. வெள்ளவத்தையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் பஸ் ஏறி, எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.
2. தங்கைக்கு அவளுடைய மாமியார் தொலைபேசியில் அழைத்தார்.
3. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாதி பஸ்ஸுக்குக் கேட்கும்படி அவள் சொன்னாள்: "கோர்ட்டில பிரிஞ்சாலும் ஆலாத்தி எடுக்க நான்தான் வரவேணுமாம்!"

"ஆருக்குக் கலியாணம்?" என்றாள் அக்கா.

"என்ர புருசன்ர தங்கச்சிக்கு. டிவோர்ஸ் எடுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாதாம். டிவோர்ஸ் இல்லாம, பிரிஞ்சு இருக்கிறதுக்குக் கோர்ட்டில பிரிவு மட்டும் எடுத்தா நான் இன்னும் அவற்ர பெண்சாதியாம். தாலியும் இருக்குமாம், தட்டும் தூக்கலாமாம்."

அக்கா குரலைத் தணித்தாள். "அதுவும் ஒரு வழிதானேடி. டிவோர்ஸ் எண்டா சனம் கதைக்கும்."

"அவர் இரத்மலானையில வேறொருத்தியோட குடும்பம் நடத்துறார். அதைச் சனம் கதைக்காதோ?"

"சரி, பிரிவு எடுத்தா நீ பிறகு வேற கலியாணம் கட்டலாம்தானே?"

"கட்டேலாது அக்கா. லோயர் வடிவா விளங்கப்படுத்தினவர். தனிய இருக்கலாம், செலவுக்குக் கேக்கலாம். ஆனா சாகுமட்டும் அவற்ர பெண்சாதிதான்."

"அப்ப இதில உனக்கு என்ன மிச்சம்?"

"ஆலாத்தித் தட்டு."

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அவையின்ர சபை மானத்துக்கு உன்ர ஆயுசோ? ஃபோனை எடு. மாமிக்கில்லை, லோயருக்கு."

தங்கை எடுத்தாள். "சேர், பிரிவு வேண்டாம். டிவோர்ஸுக்கே போடுங்கோ."

நான் கொள்ளுப்பிட்டியில் இறங்கியபோது நிலவரம் இதுதான்: வழக்கு விவாகரத்துக்குப் போகிறது. மாமியாருக்கு இன்னும் தெரியாது.