உரிமையாளர் மாற்றம்

கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை ஐயா. என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே அதுதான்.

அன்று காலையில்கூட ஒரு தையற்கார அம்மா வந்தார். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு, அவர் சேர்த்து வைத்த டிசைன் படங்களைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறதாம். மருமகள்தான் பூட்டிவிட்டாள் என்று ஒரே புலம்பல்.

"யாரும் பூட்டலம்மா. புது விண்டோஸ் போட்டா, அதே பேரைக் கொடுத்தாலும் அதுக்கு நீங்க வேற ஆளு. பழைய ஃபைல் பழைய ஆளுக்குத்தான் சொந்தம்னு நிக்கும். பாவம், அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க" என்றேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் பெயரை மாற்றினேன். படங்கள் திறந்தன. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மதியம் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது. கை கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது என் மனைவியின் ஃபோல்டர் ஒன்று கண்ணில் பட்டது. திறந்தேன். அனுமதி இல்லை என்றது.

நானே திறந்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் பூட்டை உடைப்பவன் திருடன், நான் புருஷன். அவள்தான் திறந்துகாட்ட வேண்டும். கூப்பிட்டேன்.

"எனக்கும் தொறக்கலைங்க. போன வாரம் நீங்க புதுசா என்னமோ போட்டீங்களே, அதுலேருந்து இப்படித்தான்."

"அப்போ எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அப்படி நழுவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

"மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு?" என்றேன். பொறுமையாகத்தான் கேட்டேன். அவளுடைய வலது கையை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். இரண்டு விரல்கள் ஒடிந்தன. இடது கையால் பாஸ்வேர்டை அடித்துத் தன் கணக்கைத் திறந்தாள். ஃபோல்டர் அப்போதும் அனுமதி இல்லை என்றது.

"பாத்தீங்களா? சத்தியமா நான் பூட்டலைங்க. என்னை விட்டுடுங்க."

பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "என்னப்பா சத்தம்?" என்றார். பீரோவை நகர்த்துவதாகச் சொன்னேன். "தனியா இழுக்காதே, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

திரும்பி வந்தால் என் மனைவி ஜன்னல் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே யூபிஎஸ் இருந்தது. நல்ல கனம், உள்ளே பேட்டரி இருக்கிறதல்லவா. முதல் அடியிலேயே அவள் விழுந்துவிட்டாள். அப்புறமும் சில அடி அடித்தேன். ஒயரை முதலிலேயே பிடுங்கிவிட்டேன், மின்சாரத்தில் விளையாடக் கூடாது.

தரையைத் துடைத்தபின் நானே ஃபோல்டரைப் பார்த்தேன். உரிமையாளர் கட்டத்தில் பெயர் இல்லை, ஒரு நீள எண் இருந்தது. அழிந்துபோன கணக்குக்கு அப்படித்தான் காட்டும். போன வாரம் விண்டோஸ் போட்டபோது நான் அழித்த அவளுடைய பழைய கணக்கு அது. பொய் சொல்லவில்லை, பாவம். தையற்கார அம்மாவுக்குக் காலையில் சொன்னது மதியம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

என் பெயரைப் போட்டேன். திறந்தது.

எல்லாம் அவளே எடுத்துக்கொண்ட படங்கள். நீலம் பாரித்த தோள், கழுத்தில் விரல் தடம், கிழிந்த உதடு, தீய்ந்த முழங்கை. ஒவ்வொன்றின் கீழும் தேதியும் என் பெயரும் போட்டிருந்தாள். யாரிடமாவது காட்டத்தான் சேர்த்திருக்கிறாள். எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது ஐயா. கட்டிய புருஷனைப் பற்றி எழுதுகிற எழுத்தா அது?

அவளைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றதை என் மேல் போடாதீர்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்தீர்கள். நியாயமாகச் சொல்லுங்கள், அவற்றில் ஒன்றிலாவது நான் இருக்கிறேனா?