சத்தம் வந்தாப் போதும்

— பாத்து வாண்ணா... நெலை தட்டும், குனி.

— சிதம்பரத்துலேர்ந்து பஸ்ஸுல மடியிலயே வச்சுத் தூக்கியாந்தேன் மலரு. கண்டக்டரு, இதுக்கும் ஒரு டிக்கெட்டு போடவான்றாரு.

— என்னா இது, பின்னாடி இம்மாம் பெருசா பொடச்சிக்கிட்டு... டிவி கணக்காத்தான இருக்குது?

— டிவி இல்ல, கம்ப்யூட்டர் மானிட்டரு. எங்க ப்ரவுசிங் சென்டர்ல ஓனரு எல்லாத்தையும் தட்டையா புதுசா மாத்திட்டாரு. பழசுல நல்லதா ஒன்னு ஒனக்குன்னு கேட்டு வாங்கினேன்.

— இதுல சேனல் வருமா செம்பியண்ணா?

— தானா வராது. இந்தக் குட்டிப் பொட்டி இருக்கு பாரு, டியூனர் பாக்ஸு. கேபிள் ஒயர இதுல சொருவணும், இதுலேர்ந்து மானிட்டருக்கு ஒரு ஒயரு. அவ்ளோதான். கம்ப்யூட்டரே வாணாம்.

— சத்தம்?

— அதுக்குத் தனியா ஸ்பீக்கரு. பையில இருக்கு, எடு.

— சத்தம் நல்லா வரணும்ண்ணா. படம் முன்ன பின்ன இருந்தாக்கூட பரவால்ல.

— படம் இல்லாம சத்தத்த வச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? முன்னயே சொல்லியிருந்தா ஒரு ரேடியோவோட முடிச்சிருப்பேன்ல.

— ரேடியோன்னா பாட்டுதான். இதுல ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்க... சண்ட போட்டுக்குவாங்க. வூட்டுல நாலு பேரு இருக்காப்ல இருக்கும்.

— ஆமா, அந்த டிவி எங்க?

— ரிப்பேருன்னு போன்லயே சொன்னேன்ல.

— எந்தக் கடையில?

— இங்கதான்... ஸ்டேஷன் பக்கத்துல.

— திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்துல டிவி ரிப்பேர் கடை எங்க இருக்கு? எனக்குத் தெரியாம?

— அப்ப வேற எங்கியாச்சும் குடுத்துருப்பாரு. ஒயர சொருவுண்ணா, பேச்சு ஜாஸ்தி ஒனக்கு.

— ஒன் கல்யாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த டிவி. கேக்க மாட்டனா? கடைய சொல்லு, போவும்போது நானே ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.

— அய்ய... அதெல்லாம் வாணாம்.

— சரி, மச்சான் எங்க?

— நெய்வேலியில காண்ட்ராக்ட்டு வேல. டூட்டி.

— ஞாயித்துக்கிழமகூடவா?

— இப்பல்லாம் அங்கியே தங்கிக்கிறாரு. வாரம் ஒருவாட்டி வருவாரு.

— இந்த வாரம் வந்தாரா?

— வருவாரு... காப்பி போடட்டா?

— அப்பறம் போடு. சுட்ச்சத் தட்டு மொதல்ல... ஆங், பாரு, எரியுது.

— வெறும் நீலமா இருக்குது?

— இரு, சேனல் தேடுது. அவசரப்படாத.

— அய்... ஆளு தெரியுது! நியூஸு வாசிக்கிற பொண்ணு. வாயி அசையுது... சத்தத்தக் காணமே? அண்ணா, சத்தம் வர்ல.

— பதறாத. ஸ்பீக்கர் ஒயர மாத்திச் சொருவிட்டேன்... இப்ப?

— வந்துருச்சு! இரு இரு, சமையக்கட்டுக்குப் போறேன்... கேக்குதுண்ணா! அடுப்பாண்ட நின்னாக்கூட நல்லா கேக்குது!

— கொறைக்கட்டா? தெருவே கேக்குது.

— கொறைக்காத. கேக்கட்டும்.

— ஏன்?

— எதிர்வூட்டு தைலம்மாக்கா தெனம் கேக்குது, என்னா மலரு, வூடு பேச்சு மூச்சில்லாம கெடக்குது, அவுரு இன்னும் வரலியான்னு. இனிமே கேக்காது பாரு.

— இதுக்கு ஒரு புது டிவியே எடுத்துருக்கலாம்.

— புதுசு எறங்குனா பழசு எங்கன்னு கேப்பாங்க. இதுன்னா, எங்கண்ணன் கம்ப்யூட்டரு குடுத்துச்சுன்னு சொல்லிக்குவேன்.

— மலரு... நீயே கொஞ்சம் கொற. ஒன்னு சொல்லணும்.

— என்னாண்ணா?

— நான் இந்த மானிட்டருக்காவ மட்டும் வரல.

— பின்ன எதுக்கு?

— தை மாசம் மங்கலம்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுல மச்சானப் பாத்தேன். தனியா இல்ல... கூட ஒரு பொம்பள. அவுரு கையப் புடிச்சிக்கிட்டு ஒரு சின்னக் கொழந்த. அப்பான்னு கூப்புட்டுது. ஒங்கிட்ட எப்பிடி சொல்றதுன்னு இத்தினி நாளா...

— சுவேதா.

— என்னா?

— அந்தக் கொழந்த பேரு.

— ஒனக்கு... தெரியுமா?

— அவுரே ஒக்காந்து சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு.

— அழுதானா! அழுதுட்டு நான் வாங்கிக் குடுத்த டிவியையும் தூக்கிட்டுப் போயிட்டானா? இப்பவே மங்கலம்பேட்டைக்கு...

— ஒக்காருண்ணா. அவுரு தூக்கிட்டுப் போவல. நான்தான் ஆட்டோ வச்சு ஏத்தி அனுப்புனேன்.

— ஒனக்கென்னா பைத்தியமா புடிச்சிருக்கு?

— அந்தக் கொழந்த பக்கத்து வூட்டு ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னு டிவி பாக்குமாம். அவுங்க ஜன்னலச் சாத்திடுறாங்களாம். அதச் சொல்லிட்டு... இந்த டிவிய எடுத்துக்கட்டுமா மலருன்னு கேட்டாரு.

— கேட்டா? ஒடனே குடுத்துடுவியா? கோவமே வர்லியா ஒனக்கு?

— வரணும்தான்... வரலண்ணா. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து, எனக்கு இது வேணும்னு அவுரு எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டது... அது ஒன்னுதான்.